தோல் தூசி உறிஞ்சும் குழாயமைப்பு

தோல் தூசி உறிஞ்சும் குழாயமைப்பு என்பது தோலைத் தேய்க்கும்போதும் அரைக்கும்போதும் எழும் நுண்தூளை, அது காற்றில் கலப்பதற்கு முன்பே இழுத்து, குழாய் வழியாகக் கொண்டுசென்று சேகரிக்கும் ஏற்பாடாகும். உறிஞ்சுவாய், குழாய், தூசி பிரிக்கும் கலம், காற்றை இழுக்கும் விசிறி (புளோயர்), துணிப்பை வடிகட்டி ஆகியவை இதன் உறுப்புகள். பெரிய காலணித் தொழிற்சாலைகளில் இது வழக்கமான ஒன்று. வீட்டை ஒட்டிய சிறு பட்டறைகளிலும் இதே முறையைச் சிறிய அளவில் அமைக்கலாம்.

தூசி எழும் இடங்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விசாரம் ஆகிய ஊர்கள் தோல் மற்றும் காலணித் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. 2019 வரை இவை அனைத்தும் வேலூர் மாவட்டத்தில் இருந்தன. இப்போது வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை ஆகிய மூன்று மாவட்டங்களில் அமைந்துள்ளன. இப்பகுதியில் தோல் தொழிலின் தீங்கு என்றால் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்த கழிவுநீரே முதலில் நினைவுக்கு வரும். அது குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. காற்றில் பரவும் தூசி அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை.

டேனரியில் தோலின் மேற்பரப்பை உப்புத்தாள் உருளையால் தேய்க்கும் பஃபிங் வேலையில் தூசி மிகுதியாக எழுகிறது. காலணிப் பட்டறையில், அடிப்பாகத்தை ஒட்டுவதற்கு முன் அப்பரின் விளிம்பைச் சொரசொரப்பாக்கும் ரஃபிங் வேலையிலும், சோல் விளிம்பைத் தேய்த்துச் சீராக்கும் வேலையிலும் எழுகிறது. கையால் அப்பர் தைக்கும் வேலையில் தூசி குறைவு. ஆனால் தைப்பவர் தேய்ப்பு எந்திரம் இருக்கும் அறையிலேயே அமர்ந்தால் அதே தூசியைச் சுவாசிக்க நேரிடும்.

உடல்நலப் பாதிப்பு

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் காலணித் தொழிலாளர்களிடையே மூக்குப் புற்றுநோய் வழக்கத்தைவிட மிகுதியாக இருந்ததை 1970-இல் வெளியான ஆய்வு காட்டியது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1987-இல் காலணி உற்பத்தித் தொழிலையும், 2012-இல் வெளியான தொகுதியில் தோல் தூசியையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. இந்நோய் வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும். எனவே இன்று இருமல் இல்லை என்பதை வைத்துத் தூசி தீங்கற்றது என்று கருத இயலாது.

தொழிற்சாலைகள் சட்டம், 1948-இன் 14-ஆம் பிரிவு, தூசியை உறிஞ்சும் கருவி அது தோன்றும் இடத்துக்கு இயன்ற அளவு அருகில் இருக்க வேண்டும் என்று கூறியது. ஆனால் மின்விசையுடன் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் பட்டறைகள் பொதுவாக அச்சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை. ஆகவே வீட்டுப் பட்டறையில் இந்த ஏற்பாடு பெரும்பாலும் உரிமையாளரின் பொறுப்பாகவே இருந்துவருகிறது.

அமைக்கும் முறை

உறிஞ்சுவாய்: வெறும் குழாய் வாயிலிருந்து அதன் விட்டத்தின் அளவுக்கு விலகினாலே, இழுக்கும் காற்றின் வேகம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். எனவே தேய்ப்புச் சக்கரத்தைச் சுற்றித் தகட்டுக் கூடு அமைத்து, வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் திறந்துவிட வேண்டும். சக்கரம் சுழன்று தூசியை வீசும் திசையை நோக்கி உறிஞ்சுவாய் இருப்பது முதன்மையானது.

குழாயின் அளவு: ஆறு அகன்று நீரோட்டம் தளரும் இடத்தில் மணல் படிகிறது. குழாயிலும் காற்று தளர்ந்தால் தூசி படியும். காலணித் தூசிக்கு வினாடிக்கு ஏறத்தாழ 18 முதல் 20 மீட்டர் வேகம் தேவை. 100 மி.மீ. உள்விட்டக் குழாயில் 20 மீட்டர் வேகம் கிடைக்க மணிக்குச் சுமார் 565 கன மீட்டர் காற்று ஓட வேண்டும். அதே அளவு காற்றை 150 மி.மீ. குழாயில் விட்டால் வேகம் 9 மீட்டருக்கும் குறைந்துவிடும். பெரிய குழாய் நல்லது என்ற எண்ணம் இங்கே பொருந்தாது.

வளைவுகள்: செங்குத்தான ஒரு திருப்பத்தைவிட 45 பாகை வளைவுகள் இரண்டு நல்லது. கிளைக்குழாய், முதன்மைக் குழாயில் 'டி' வடிவில் அல்லாமல் சாய்ந்த 'ஒய்' வடிவில் சேர வேண்டும். நெளியும் ஹோஸ் குழாய் காற்றைத் தடுப்பதால் அதைக் குறுகிய நீளத்துக்கே பயன்படுத்துவது வழக்கம். ஒவ்வொரு கிளையிலும் இழுத்து மூடும் தகட்டுக் கதவு வைத்து, ஓடும் எந்திரத்தின் கதவை மட்டும் திறந்தால் சிறிய விசிறியே போதுமானதாகும்.

பிரிக்கும் கலம்: விசிறிக்கு முன்பாகச் சைக்ளோன் வகைக் கலத்தை வைத்தால் பருமனான தூள் அதன் அடியிலுள்ள டிரம்மில் விழும், வடிகட்டிப் பை விரைவில் அடைபடாது. மிக நுண்ணிய தூசி துணிப்பையையும் கடந்துவிடக்கூடும். எனவே விசிறியையும் பையையும் அறைக்கு வெளியே, அண்டை வீட்டுச் சன்னலுக்கு எதிரே அமையாதவாறு வைப்பது நல்லது.

தீ எச்சரிக்கை

தோல் தூசி எரியக்கூடியது. ரஃபிங் கம்பிச் சக்கரம் ஆணியில் பட்டால் பொறி பறக்கும். ஓடும் தூசியால் பிளாஸ்டிக் குழாயில் நிலைமின்னேற்றம் சேர்வதால், எர்த் இணைப்புடன் கூடிய துத்தநாகப் பூச்சு இரும்புக் குழாயே ஏற்றது. பசையிலிருந்து எழும் கரைப்பான் ஆவியை இதே குழாயில் இழுக்கக் கூடாது. ஒட்டும் வேலைக்குத் தனி இடமும் தனிக் காற்றோட்டமும் தேவை.

சரிபார்ப்பும் பராமரிப்பும்

அறையை இருட்டாக்கி, எந்திரம் ஓடும்போது பக்கவாட்டில் டார்ச் ஒளியைப் பாய்ச்சினால், தப்பிவரும் நுண்தூசி ஒளிக்கற்றையில் தெரியும். அது எழும் திசையைக் கொண்டு கூட்டைத் திருத்தலாம். துடைப்பத்தால் பெருக்குவதும், உடையில் காற்றடித்துத் தூசி தட்டுவதும் படிந்த தூசியை மீண்டும் மூக்குக்கே கொண்டுவரும். ஈரத்துணியால் துடைப்பதே ஏற்றது. முகக்கவசம் கூடுதல் காப்பு மட்டுமே. உறிஞ்சும் அமைப்புக்கு அது மாற்றாகாது.

குரோமியத்தால் பதனிட்ட தோலின் தூளை எரிக்கக் கூடாது. எரிக்கும்போது அதிலுள்ள குரோமியம் நச்சுத்தன்மை மிகுந்த ஆறு இணைதிற வடிவமாக மாறக்கூடும். அதைப் பையில் கட்டி, இத்தகைய கழிவைப் பெற அனுமதி பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். ஓடையிலோ பாலாற்றங்கரையிலோ கொட்டினால், காற்றிலிருந்து நீக்கிய மாசு நீரில் போய்ச் சேரும்.