கூடி உட்கார்ந்தால் குடி விலகுமா?

கந்த சஷ்டி வந்துவிட்டால் திருச்செந்தூரில் கால் வைக்க இடம் இருக்காது. ஆறு நாளும் கோவில் வளாகத்திலேயே தங்கி விரதம் இருப்பவர்கள் பல ஆயிரம் பேர். வீட்டில் ஒரு வேளை பசி பொறுக்காதவர்கூட அங்கே பொறுத்துக்கொள்கிறார். பக்தி ஒரு காரணம். பக்கத்தில் இருப்பவரும் பட்டினி என்பது இன்னொரு காரணம்!

அந்த ஆறு நாளும் மதுவைத் தொடாதவர், ஊர் திரும்பியதும் கடை வாசலில் நிற்பதும் உண்டு. துணைக்கு இருந்த கூட்டம் கலைந்து போயிற்றே!

இந்தத் துணையையே டாக்டர்கள் ஒரு வைத்தியமாக்கி இருக்கிறார்கள். அதற்குக் "குழு சிகிச்சை" என்று பெயர்.

1905-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற டாக்டர், ஏழைக் காசநோயாளிகளை ஒன்றாகக் கூட்டிப் பாடம் சொன்னார். பாடத்தோடு, ஒருவரை ஒருவர் பார்த்ததும் அவர்களுக்குத் தெம்பு தந்தது. 1935-ல் அதே நாட்டில், குடியை விட முடியாமல் தவித்த ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் சந்தித்துப் பேசினார்கள். அதில் பிறந்ததே "ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்" சங்கம். கட்டணம் இல்லை. முழுப் பெயர்கூடச் சொல்ல வேண்டாம்.

சென்னையில் 1980-ல் டி.டி.கே. ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர் சாந்தி ரங்கநாதன். குடியால் கணவரை இழந்தவர் அவர். 1989-ல் தஞ்சைப் பக்கம் மஞ்சக்குடி கிராமத்துக்கே போய் முகாம் போட்டார்கள்.

உள்ளே என்ன நடக்கும்?

எட்டு, பத்துப் பேர் வட்டமாக உட்காருவார்கள். ஓர் ஆலோசகர் இருப்பார். அங்கே பேசியதை வெளியே சொல்லக்கூடாது. குடித்துவிட்டு வரக்கூடாது. முதல் நாளே பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

"என் பெண்டாட்டி வாய் ஓயாது. அதனாலதான் குடிக்கிறேன்" என்பார் ஒருவர்.

எதிரே இருப்பவர் சிரிப்பார். "நானும் பத்து வருஷம் இதைத்தான் சொன்னேன், அண்ணாச்சி. அவ தாய் வீட்டுக்குப் போன மாசம்தான் நான் அதிகமாக் குடிச்சேன்!"

இதையே டாக்டர் சொன்னால் கோபம் வரும். அதே குழியில் விழுந்தவர் சொன்னால் என்ன பதில் சொல்வது?

ஓர் எச்சரிக்கை. நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும். வலிப்பு வரலாம். புத்தி தடுமாறலாம். உயிருக்கே ஆபத்து! வீட்டில் அறையில் போட்டுப் பூட்டுவது தவறு. முதலில் ஆஸ்பத்திரி, பிறகுதான் வட்டம். தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன.

மனைவிமாருக்குத் தனி வட்டம் உண்டு. "நான் சரியாக இருந்தால் அவர் குடிப்பாரா?" என்று உள்ளுக்குள் குமைந்தவள், அதே கேள்வியை இன்னொருத்தி வாயால் கேட்கும்போது அழுதுவிடுகிறாள். கடன்காரனிடம் பொய் சொல்லிக் கணவனைக் காப்பாற்றுவது குடியைத்தான் காப்பாற்றுகிறது என்பதும் அங்கேதான் புரிகிறது.

எல்லோரும் ஒரேயடியாகத் திருந்திவிடுவதில்லை. மறுபடி குடித்துவிட்டுத் தலை குனிந்து வருபவரும் உண்டு. அவரை யாரும் ஏசமாட்டார்கள். "அன்றைக்கு எங்கே போனீர்கள்? யாருடன்?" என்று கேட்பார்கள்.

கோவில் கொடைக்கு, பழைய கூட்டாளிகளுடன் என்பார். அடுத்த கொடைக்கு அவரோடு யார் போவது என்று அங்கேயே பேசி முடிப்பார்கள்.