பச்சைப் பட்டைக்குள் மறையும் எடை

நான்கு வயது நிறைந்த இரண்டு பையன்களைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். இருவருடைய எடையும் 17 கிலோ. ஒருவன் உயரம் 103 சென்டிமீட்டர். மற்றவன் உயரம் 95. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோலில் அந்த வயதுப் பையனின் நடு எடை 16.3 கிலோ. வயதையும் எடையையும் மட்டும் வைத்துக் குறிக்கும் வளர்ச்சி அட்டையில் இருவரும் பச்சைப் பட்டைக்குள் வந்துவிடுவார்கள். இரண்டு தாய்மார்களும் நிம்மதியாக வீடு திரும்புவார்கள்.

உயரத்தையும் சேர்த்தால் கணக்கு வேறு. எடையை, மீட்டரில் எழுதிய உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை எண். முதல் பையனுக்கு அது 16. குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாமவனுக்கு 18.8. அந்த வயதில் 18.2-ஐத் தாண்டினாலே அதிக எடை என்கிறது அதே அளவுகோல். 95 சென்டிமீட்டர் என்பதோ குள்ள வளர்ச்சிக்கான எல்லையை ஒட்டிய உயரம். ஆக, வளர வேண்டிய அளவு வளராமலும், உயரத்துக்கு மீறிய எடையோடும் ஒரே குழந்தை நிற்கிறது. அட்டையில் அதன் நிறம் பச்சை.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது பையனைப் பற்றியது.

பசியைப் பார்க்கப் பழகிய கண்

திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே, கேடிலியப்பர் கோயிலைக் கொண்ட நம் ஊர் கீழ்வேளூர். சுற்றிலும் நெல் வயல். ஆனால் நெல் விளைந்த மண்ணில் எல்லார் வயிறும் நிறைந்துவிடவில்லை. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டுப் போராடிய விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், 1968 டிசம்பர் 25 இரவில் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணி இந்த வட்டத்தில்தான் இருக்கிறது. அந்தக் காலத்தை அறிந்த ஒரு பாட்டிக்குப் பேரன் கொழுகொழுவென்று இருப்பது வெறும் அழகல்ல. தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாமல் போனது பேரனுக்குக் கிடைத்துவிட்டது என்ற நிறைவு. திருஷ்டி சுற்றிப் போடும் அந்தக் கையைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை.

நம் திட்டங்களும் பசியை எதிர்த்துப் பிறந்தவைதான். 1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. 2022 மே மாதம் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' வந்தது. இவை இன்றும் தேவை. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். உயரத்துக்கேற்ற எடை இல்லாமல் மெலிந்தவர்கள் 14.6 சதவீதம்.

அதே கணக்கெடுப்பு இன்னொன்றையும் பதிவு செய்தது. நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்டோரில் அதிக எடை கொண்டவர்கள், முந்தைய கணக்கெடுப்பில் இருந்த 2.1 சதவீதத்திலிருந்து 3.4 ஆகியிருந்தார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பங்கு ஏறத்தாழ 4. 'நூற்றுக்கு நான்குதானே' என்று தோன்றும். அடுத்த வரியைப் படிக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடை அல்லது உடற்பருமன் உள்ளவர்கள் 30.9 சதவீதத்திலிருந்து 40.4 ஆனார்கள், ஆண்கள் 28.2-லிருந்து 37. இடையில் கடந்தது ஐந்தே ஆண்டுகள். நான்கு வயதில் நூற்றுக்கு நான்காகத் தெரிவது, பெற்றோராகும் வயதில் நாற்பதாக நிற்கிறது. இந்த இடைவெளி எங்கே உருவாகிறது?

எல்லைக்கோட்டுக்கு முன்பே தொடங்குவது

டெல்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்த குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே அளந்து வந்த ஆய்வு ஒன்று உண்டு. அவர்களில் 1,492 பேரை 26 முதல் 32 வயதில் மறுபடி சோதித்து, முடிவை 2004-இல் வெளியிட்டார்கள். இளவயதிலேயே சர்க்கரை நோய் அல்லது அதன் முன்னிலை வந்தவர்கள், இரண்டு வயது வரை பெரும்பாலும் மெலிந்த குழந்தைகளாக இருந்தவர்கள். அதற்குப் பிறகு அவர்களின் உடல் நிறை எண் மற்றவர்களைவிட முன்னதாக ஏறத் தொடங்கியது. தொடர்ந்து வேகமாக ஏறியது. பன்னிரண்டு வயதில் அவர்களில் ஒருவர்கூட உடற்பருமன் என்ற வரையறைக்குள் வரவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் 'பிள்ளை தேறிவிட்டது' என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஒரு வயதுக்குப் பிறகு குழந்தை உயரமாகி, கன்னச் சதை வற்றி, விலா எலும்பு லேசாகத் தெரியத் தொடங்கும். 'பாப்பா மெலிஞ்சு போச்சே' என்று வீடு கவலைப்படும் பருவம் அது. உடல் நிறை எண் ஐந்து, ஆறு வயதுவாக்கில் அடிமட்டத்தைத் தொட்டு மறுபடி ஏறுவது இயற்கை. அந்த ஏற்றம் மூன்று, நான்கு வயதிலேயே தொடங்கிவிட்டால் பிற்கால உடற்பருமனுக்கு வாய்ப்பு அதிகம். மெலிகிறதே என்று நாம் திணிக்கும் உணவு, இயற்கையான இறக்கத்தை இடையிலேயே திருப்பிவிடக்கூடியது.

நம் குழந்தைகளுக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. புணேயில் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் கிராமத்துப் பச்சிளங்குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். சராசரி எடை இங்கே 2.7 கிலோ, அங்கே 3.5. தசையும் உள்ளுறுப்புகளும் அந்த அளவுக்குச் சிறுத்திருந்தன. தோலுக்கடியிலுள்ள கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. மெலிந்து பிறக்கும் நம் குழந்தை, கொழுப்பைக் காப்பாற்றிக்கொண்டே பிறக்கிறது. அந்த உடலுக்குப் பின்னாளில் தசை சேர வேண்டும். தசை சேர அசைவு வேண்டும்.

ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட முடிவு இதை இன்னும் அழுத்தமாகச் சொல்கிறது. 51,505 குழந்தைகளின் வளர்ச்சியைப் பின்தொடர்ந்த அந்த ஆய்வில், மூன்று வயதில் உடற்பருமனோடு இருந்தவர்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தினர் பதின்வயதிலும் அதிக எடையோடோ உடற்பருமனோடோ இருந்தார்கள். பருமனான பதின்வயதினரின் எடை மிக வேகமாக ஏறிய காலம் இரண்டு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடைப்பட்டது. 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்ற நம்பிக்கைக்கு இந்த எண்கள் இடம் தரவில்லை.

180 நிமிடம்

உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. மூன்று, நான்கு வயதுக் குழந்தை நாளொன்றுக்கு 180 நிமிடம் ஓடியாடியிருக்க வேண்டும். அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஓட்டமும் தாவலும் இருக்க வேண்டும். ஒரே இடத்தில் கட்டிப்போட்டதுபோல் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருத்தக் கூடாது. திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. குறைந்தால் இன்னும் நல்லது. தூக்கம் 10 முதல் 13 மணி நேரம். இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்று இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர்களின் கழகமும் சொல்கிறது.

இந்த 180 நிமிடத்தை யாரும் திட்டமிட்டுக் கொடுக்காமலே டெல்டாக் கிராமம் ஒரு காலத்தில் கொடுத்தது. நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு குழந்தை தானே நடந்தது. நெல் அடிக்கும் களமும் வைக்கோல் போரும் தெருவும் திண்ணையும் விளையாட்டுத் திடலாயின. நொண்டி, கண்ணாமூச்சி, கொலகொலயா முந்திரிக்கா என்று கால் ஓயாமல் பொழுது போனது. இன்று நடைவண்டி இருந்த இடத்தில் குழந்தையை உட்காரவைத்துச் சுற்றும் பிளாஸ்டிக் வாக்கர் இருக்கிறது. விபத்துக்கு வழி என்று கனடா 2004-இலேயே தடை செய்த பொருள் அது. மூன்றரை வயதில் எல்.கே.ஜி. வேன். வேனில் உட்கார்ந்து போய், வகுப்பில் உட்கார்ந்து எழுதி, உட்கார்ந்தே திரும்பி வந்து, செல்போனைப் பார்த்தபடி வாயைத் திறக்கும் குழந்தைக்கு 180 நிமிடம் எந்த நேரத்தில் கிடைக்கும்?

பெற்றோரின் அச்சத்தையும் மறைக்கக் கூடாது. மேட்டூர் அணை திறந்தால் வாய்க்காலில் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் குளமும் குட்டையும் தளும்பும். தெருவில் மோட்டார் சைக்கிள். மூன்று வயதுக் குழந்தையைத் தனியே வெளியே விடாதது சரியான முடிவு. அதனால்தான் இது தனி வீட்டின் பொறுப்பாக மட்டும் இருக்க முடியாது. வேலியிட்ட, நிழலுள்ள ஒரு திறந்தவெளியை ஊர்தான் தர வேண்டும்.

தட்டின் கணக்கு

அசைவு மட்டும் போதுமா? 2019-இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு, ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளிடம் நடந்த சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. உணவை மட்டும் மாற்றியபோதும், விளையாட்டை மட்டும் கூட்டியபோதும் எடையில் தெளிவான பலன் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்தபோது உடல் நிறை எண் சற்றுக் குறைந்தது.

நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,360 கலோரி தேவை என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. 20 கிராம் சிப்ஸ் 110 கலோரி அளவு. நான்கு கிரீம் பிஸ்கட் 200-ஐ ஒட்டி வரும். இரண்டும் சேர்ந்து நாளின் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டிவிடும்; பசிக்கு இன்னும் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தக் குழந்தைக்கு அது 17 கிராம். காலையும் மாலையும் பாலில் இரண்டிரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்டாலே 20 கிராம். பாலில் கலக்கும் 'சத்து' மாவு டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். ஆரோக்கிய பானம் என்ற வகையே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை என்று சொல்லி, அந்தத் தலைப்பில் இவற்றை விற்கக் கூடாதென இணைய விற்பனைத் தளங்களுக்கு மத்திய வணிக அமைச்சகம் 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது.

ஊட்டும் முறையும் கணக்கில் சேரும். நிலாவையும் காக்காயையும் காட்டி ஊட்டியபோது குழந்தை எழுந்து ஓடியது. போதும் என்று தலையைத் திருப்பியது. திரையைப் பார்த்து விழுங்கும் குழந்தைக்கு வயிறு நிறைந்தது தெரிவதில்லை. 'இன்னும் ஒரு வாய்' என்பது அன்பின் சொல்தான். தலையைத் திருப்பிய பிறகும் அதைச் சொன்னால், தன் பசியளவைத் தானே அறியும் திறனைக் குழந்தை இழக்கிறது.

கூடாததும் வேண்டியதும்

முதலில் கூடாதது. குழந்தையைப் பட்டினி போடக் கூடாது. உணவைக் குறைத்து எடை இறக்க முயலக் கூடாது. பால்வாடி முட்டையையும் சத்துமாவையும் நிறுத்தக் கூடாது. 'குண்டு' என்று பெயர் வைத்துக் கூப்பிடக் கூடாது. நூற்றுக்கு 25 குழந்தைகள் உயரம் குறைந்த மாநிலத்தில் உணவைக் கண்டு அஞ்சுவது இன்னொரு கேடு.

வேண்டியவற்றில் பெரும்பாலானவை கையிலேயே இருக்கின்றன. பால்வாடியில் எடையோடு உயரமும் பதிவாகிறது. போஷன் டிராக்கர் செயலியில் ஏறுகிறது. தாயிடம் 'எடை கூடியிருக்கு' என்பதோடு பேச்சு முடியக் கூடாது. உயரத்துக்கு அந்த எடை சரியா என்பதையும் டீச்சர் சொல்ல வேண்டும். தாய் கேட்க வேண்டும். எடை எல்லையைத் தாண்டிய குழந்தையை, மெலிந்த குழந்தையை அனுப்புவதுபோலவே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்துக்குப் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'. ஆடவும் ஓடவும் இடமில்லாத ஒற்றை அறையில் அந்தப் பெயர் பொய்யாகிவிடும். வேலியும் வேப்பமர நிழலும் மணல் பரப்பும் கொண்ட ஒரு சிறு வெளியை ஒவ்வொரு பால்வாடிக்கும் ஒதுக்குவது பேரூராட்சியும் ஊராட்சிகளும் செய்யக்கூடிய வேலை. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்ற 2020-ஆம் ஆண்டு விதியை நடைமுறையில் காப்பதும் அவ்வாறே.

வீட்டில்: வெயில் ஏறுமுன் ஒரு மணி நேரம், வெயில் தாழ்ந்தபின் ஒன்றரை மணி நேரம், பெரியவர் ஒருவர் கண்பார்வையில் குழந்தை ஓடட்டும். மழை நாளில் கூடத்தில் தாவட்டும். மீதி அரை மணி நேரத்துக்கு, கடைக்குப் போகும்போது வண்டியின் முன்னால் உட்காரவைக்காமல் கைபிடித்து நடத்திப் போகலாம். சம்பா அறுவடைக்குப் பிறகு நம் வயலிலேயே உளுந்தும் பயறும் விளைகின்றன. மாலையில் பாக்கெட்டுக்குப் பதில் ஒரு கை பயறுச் சுண்டல் போதும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரையோடு பெரியவர்களின் வீட்டுக்கே வருகிறார். அதே வீட்டுக் குழந்தையின் எடை பால்வாடிப் பதிவேட்டில் இருக்கிறது. இரண்டும் ஒரே நோயின் இரு முனைகளாக இருக்கக்கூடும். குழந்தையின் முனையில் மாத்திரை தேவைப்படாது.

அந்த இரண்டாவது பையனிடம் திரும்புவோம். அவன் இளைக்க வேண்டியதில்லை. நான்கு வயதுக் குழந்தை ஆண்டுக்கு ஆறேழு சென்டிமீட்டர் வளரும். ஏறத்தாழ ஒன்றேகால் ஆண்டில் அவனும் 103 சென்டிமீட்டரைத் தொடுவான். அதற்குள் ஒரு கிலோ மட்டும் கூடியிருந்தால் அவன் உடல் நிறை எண் 17. நான்கு வயதில் தாண்டியிருந்த 18.2 என்ற எல்லைக்குக் கீழே இறங்கியிருப்பான். ஐந்து கிலோ கூடினால் அது 20.7, எல்லையைக் கடந்து வெகுதூரம் போயிருப்பான். அந்த நான்கு கிலோ வித்தியாசம்தான் இத்தனை எச்சரிக்கைக்கும் காரணம். அதைத் தீர்மானிக்க நமக்கு இருப்பது அந்த ஒன்றேகால் ஆண்டுதான்.