களிம்பும் கலையும்

தமிழிலே ‘விளக்குதல்’ என்னுஞ் சொல் இருவகை வழக்கில் நிற்பது. ஆசிரியன் பாடத்தை விளக்குகின்றான். இல்லாள் பாத்திரத்தை விளக்குகின்றாள். ஈரிடத்தும் கருத்து ஒன்றே: மறைத்து நிற்பதை நீக்கி, உள்ளதைத் தோன்றச் செய்தல். ஆயின், மறைப்பை நீக்குவதாக எண்ணி உள்ளதையே நீக்கிவிடும் விளக்கமும் உண்டு. பாடத்துக்கு நேரும் அக்குறை பித்தளைப் படிமங்களுக்கும் நேர்வது.

எமது இல்லத்தின் முகப்பிலே பாட்டனார் காலத்துப் பித்தளைச் சிங்கமுகம் ஒன்று தொங்கியது. திருவாசியின் உச்சியில் அமையும் கீர்த்திமுகத்தைப் போலப் பிதுங்கிய விழியும் சுருண்ட பிடரியும் உடையது. பன்னிரண்டு வயதிலே, தைப்பொங்கலுக்கு முதனாள், செங்கற்பொடியும் தும்புங் கொண்டு அதனை யான் தேய்த்தேன். முகம் பொன்போல் ஒளிர்ந்தது. பாட்டனார் அதனைக் கையில் வாங்கிப் பெருவிரலால் தடவிப் பார்த்து, “தம்பி, பிடரிமயிர் எங்கே?” என்றார். கம்மாளன் உளியாற் கீறிய நுண்கோடுகள் மழுங்கிப் போயிருந்தன.

பித்தளை செம்பும் நாகமும் கலந்தது. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது. இரண்டினுக்கும் செம்பே முதலாதலின், காற்றும் ஈரமும் பட்டவழி இரண்டும் கறுக்கும். நாட்சென்றபின் பச்சை பூக்கும். சைவ சித்தாந்திகள் உயிரைப் பற்றிய ஆணவமலத்துக்குச் செம்பிற் களிம்பை உவமை கூறினர். அவ்வுவமையிற் களிம்பு முழுதும் நீங்கற்பாலது. கலைப்பொருளிலோ களிம்பெல்லாம் ஒரு தன்மையன அல்ல. உறுதியாகப் படிந்த கபிலநிறமும் கரும்பச்சையும் உலோகத்துக்குப் போர்வையாய் நின்று, மேலும் அரிப்பதைத் தாமதப்படுத்துவன. தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடியோ நோயின் அறிகுறி. உப்பிலுள்ள குளோரைட்டு ஈரத்தோடு கூடி உலோகத்தைத் தின்கின்றது என அது உணர்த்தும். கடற்காற்று வீசும் ஊர்களில் இதற்கு இடம் அதிகம். அத்தகைய படிமத்தை உலர்ந்த இடத்தில் வைத்து, நூதனசாலைகளில் இத்துறை பயின்றோரை வினவுதலே நலம்.

இனி, நம் பெண்மணிகள் கையாளும் புளியைப் பார்ப்போம். புளியிலும் தேசிக்காயிலும் உள்ள அமிலம் மேற்படிந்த கறையைக் கரைக்கும். நெடுநேரம் ஊறவிட்டால் பித்தளையிலுள்ள நாகத்தையும் கரைத்துச் செம்பை மாத்திரம் மிஞ்சவிடும். செந்நிறத் திட்டுக்கள் தோன்றுவது இதனாலேயே. நாடோறும் புழங்கும் மூக்குப்பேணிக்கும் குத்துவிளக்கிற்கும் புளி தகும்; உடனே கழுவித் துடைத்தல் வேண்டும். நுண்வேலை அமைந்த முகங்களுக்கும் படிமங்களுக்கும் அது தகாது.

அவற்றுக்குச் செய்யத்தக்கன சிலவே. மென்மயிர்த் தூரிகையால் தூசு தட்டுக. எண்ணெய்ப் பிசுக்கு இருப்பின், இளஞ்சூட்டு நீரில் மென்மையான சவர்க்காரம் சிறிது கரைத்துத் துணியில் நனைத்துத் துடைக்க. பின் நன்னீராற் கழுவி, மடிப்புகளில் ஈரம் நில்லாதவாறு உலர்த்துக. அதன்மேல் தேன்மெழுகை மிக மெல்லிதாகப் பூசி, துணியால் மெல்லத் துடைத்து விடுக. வெறுங்கையாற் பலகாலுந் தொடற்க. வியர்வையின் உப்பு விரலடையாளத்தை உலோகத்திற் பொறித்துவிடும். கடையில் வாங்கும் புதியன பலவற்றில் நிறமற்ற வார்னிஷ் பூசப்பட்டிருக்கும். அவற்றுக்கு உலர்ந்த துணியே போதும். காந்தம் ஒட்டுமாயின், உள்ளே இருப்பது இரும்பு. தேய்க்கத் தேய்க்க மேற்பூசிய முலாமே போய்விடும்.

பொலனறுவைச் சிவாலயங்கள் இருந்த இடங்களில் 1907, 1908, 1960ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தெடுத்த வெண்கலப் படிமங்கள் பலவற்றைக் கொழும்பு நூதனசாலையிற் காணலாம். அந்நூதனசாலையின் வெண்கலங்களைப் பற்றி ஆனந்த குமாரசுவாமி 1914இல் தனிநூலே எழுதினார். மாணாக்கர் அங்கே செல்லும்போது, பல நூற்றாண்டு மண்ணுட் கிடந்த அப்படிமங்களின் அணிகலன்களையும் ஆடை மடிப்புகளையும் உற்று நோக்குக. அங்கே பளபளப்பு இல்லை. சிற்பி வகுத்த கோடு உண்டு.

எமது சிங்கமுகம் இன்றும் என்னிடம் உள்ளது. நாற்பதாண்டுக்கு மேலாகத் தேய்க்காது விட்டமையால் கபிலநிறம் மீண்டுவிட்டது. பிடரிமயிர் மீளவில்லை. வீட்டுக்கு வரும் மாணாக்கருக்கு அதனை எடுத்துக் காட்டி, பாட்டனார் வினாவையே யானும் வினாவுவதுண்டு.