ஆண்டோ மண்: ஒரு பெயரும் மூன்று மலைகளும்

பிரிக்பீல்ட்ஸ் என்னும் இவ்வட்டாரத்தின் பெயரிலேயே மண் குடியிருக்கிறது. 1881ஆம் ஆண்டில் முதலில் தீயும் பின்னர் வெள்ளமும் கோலாலம்பூரின் மரவீடுகளையும் அத்தாப்புக் கூரைகளையும் அழித்தன. அதன்பின் நகரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டுமாறு பிரிட்டிஷ் ஆட்சியாளர் பணித்தனர். அப்பணிக்கான சூளைகள் இப்பகுதியில் எழுந்தன; பெயரும் நிலைத்தது. அச்சில் நிற்கும் களிமண் கிடைக்கும் இடத்திலேதான் சூளை அமையும். இன்று நாம் எடுத்துக்கொண்ட மண்ணோ செங்கல் அறுக்க உதவாதது. காய்ந்தால் பொடிந்து காற்றில் பறப்பது. கையில் அள்ளினால் எடையற்றதுபோல் தோன்றுவது. எரிமலைச் சாம்பலின் மேல் காடு வளர்ந்த, குளிர்ந்த, மழை மிகுந்த உயர்நிலங்களில் பெரிதும் காணப்படும் அம்மண்ணை மண்ணியலார் 'ஆண்டோ மண்' என்பர்.

மண்ணியலில் மொழியியலானுக்கு என்ன வேலை என்ற வினா எழலாம். நிலவியல் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவர் இம்மண்ணைத் தமிழில் எவ்வாறு வழங்குவது என்று நம்மிடம் வினவினார். 'எரிமலைச் சாம்பல் மண்' என்று உடனே விடையளித்துவிட்டோம். அவ்விடை தவறு என்பதைப் பின்னரே உணர்ந்தோம். இவ்வுரை அத்தவற்றிலிருந்து பிறந்தது.

முதலில் பெயரைப் பார்ப்போம். ஆண்டோ என்பது தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடரிலிருந்து வந்தது என்று கருதுவோர் பலர். அம்மலையிலும் எரிமலைகள் இருப்பதால் ஊகம் பொருத்தமாகவே தோன்றும். ஆயினும் அது பிழை. இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஜப்பானில் மண் அளவாய்வு செய்த அமெரிக்கர், 1947இல், ஜப்பானிய மொழியில் 'இருள்' என்று பொருள்படும் 'ஆன்', 'மண்' என்று பொருள்படும் 'தோ' ஆகிய கூறுகளைக் கொண்டு இச்சொல்லை அமைத்தனர். எனவே சொல்லின் பொருள் 'இருண்ட மண்' என்பது மட்டுமே. எரிமலையும் இல்லை, சாம்பலும் இல்லை. ஜப்பானிய உழவர் இம்மண்ணுக்கு வழங்கிய பெயர் 'குரோபொக்கு'. 'குரோ' என்றால் கருமை. 'பொக்கு' என்பது அம்மண்ணின்மேல் நடக்கையில் காலடியில் எழும் மென்மையைக் குறிக்கும் ஒலிக்குறிப்பு என விளக்குவர். 'பொலபொல' என்றும் 'பொதபொத' என்றும் மண்ணைச் சொல்லும் தமிழர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? உழவரின் காது வகைப்பாட்டாளரின் கண்ணைவிடக் கூர்மையானது என்பது நமது நெடுநாளைய எண்ணம்.

இதற்கு நேர்மாறான கதையும் மண்ணியலில் உண்டு. பாட்சால் என்னும் மண்வகையின் பெயர் உருசிய மொழியில் 'சாம்பலுக்கு அடியில்' எனப் பொருள்படும். அம்மண்ணில் சாம்பல் சிறிதும் இல்லை. வெளுத்த ஓர் அடுக்கு சாம்பல்போல் தோன்றுகிறது, அவ்வளவே. ஆக, சாம்பல் இல்லாத மண்ணின் பெயரில் சாம்பல் இருக்கிறது. சாம்பலால் புகழ்பெற்ற மண்ணின் பெயரில் அது இல்லை. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்போர் இவ்விரண்டிலும் தடுக்கி விழுவர்.

இனி மண்ணின் இயல்பு. எரிமலை உமிழும் சாம்பல் அடுப்புச் சாம்பல் அன்று. உருகிய பாறை திடீரெனக் குளிர்ந்து உடைந்த கண்ணாடித் துகள்கள் அதில் மிகுதி. கண்ணாடிக்குப் படிக ஒழுங்கு இல்லை. ஆதலால் மழைநீர் அதனை விரைவில் சிதைத்து, அலுமினியத்தையும் சிலிக்காவையும் விடுவிக்கிறது. இவை சேர்ந்து அலோபேன் என்னும் நுண்பொருளாகின்றன. 3.5 முதல் 5 நானோமீட்டர் வரை விட்டமுள்ள உள்ளீடற்ற உருண்டைகள் அவை. ஒரு கிராம் அலோபேனின் மேற்பரப்பு மட்டும் 700 சதுர மீட்டரை எட்டும். இத்தனை பரப்பும் இத்தனை உட்குழிவும் இருப்பதால் மண் நீரைத் தேக்கி வைக்கிறது, எடையோ குறைவு. சாதாரண மண் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.1 முதல் 1.4 கிராம் வரை நிற்கும். ஆண்டோ மண் 0.9 கிராமைத் தாண்டாது என்பது வகைப்பாட்டாளர் வகுத்த எல்லை.

அலோபேன் என்ற பெயர் 1816இல் கிரேக்கத்திலிருந்து ஆக்கப்பட்டது. 'வேறாய்த் தோன்றுவது' என்பது பொருள். மொழியியல் மாணவர்க்கு அலோபோன், அதாவது மாற்றொலி, நினைவுக்கு வரும். முன்னொட்டு ஒன்றே, பின்னது ஒன்றில் தோற்றம், மற்றொன்றில் ஒலி. இவ்வுறவைக் கண்டபோது நாம் சற்றே மகிழ்ந்ததை மறைப்பானேன்!

கருமைக்குக் காரணம் மட்கு. காட்டின் இலையும் வேரும் மட்கும்போது, விடுபட்ட அலுமினியம் அம்மட்கைப் பற்றிக்கொள்கிறது. பற்றப்பட்ட மட்கை நுண்ணுயிர்கள் எளிதில் உண்ண முடியாது. குளிரும் அவற்றின் வேகத்தைத் தணிக்கிறது. ஓயாத ஈரம், ஒழுங்கற்ற நுண்பொருள்கள் படிகக் களிமண்ணாக மாறுவதைத் தாமதப்படுத்துகிறது. ஆகவேதான் குளிர்ச்சி, மழை, காடு என்னும் மூன்றும் கூடும் உயர்நிலங்கள் இம்மண்ணுக்கு உகந்தவை. இதில் ஒரு கெடுபிடியும் உண்டு. மட்கைப் பற்றும் அதே அலுமினியம் உழவர் இடும் பாஸ்பேட் உரத்தையும் பற்றிக்கொள்ளும். மண்ணியலார் இதற்கு வைத்த அளவுகோலே 85 விழுக்காடு. உரம் மண்ணில் இருக்கும், பயிருக்குக் கிட்டாது.

இத்தகைய மண்ணைக் காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மலாக்கா நீரிணைக்கு அப்பால், வட சுமத்திராவின் காரோ உயர்நிலம் இருக்கிறது. ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்திலுள்ள பெராஸ்தாகி நகருக்கு இருபுறமும் சிபாயாக், சினாபோங் என்னும் எரிமலைகள் நிற்கின்றன. அங்கே விளைந்த காய்கறிகள் ஒரு காலத்தில் பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறின. தோட்டக்காரர் ஒருவர் தந்த ஈரமண்ணை நாம் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்து அழுத்தினோம். முதலில் உறுதியாக நின்றது. பிறகு சட்டென நெகிழ்ந்து, நீர் கசிந்து, வழுக்கியது. ஆண்டோ மண்ணின் கையொப்பம் இதுவே. சினாபோங் ஏறத்தாழ 400 ஆண்டு உறக்கத்திற்குப்பின் 2010இல் விழித்தது. 2014இல் உயிர்களையும் பறித்தது. ஆயினும் மக்கள் அச்சரிவுகளை முற்றும் கைவிடவில்லை. மண்ணின் ஈர்ப்பு அத்தகையது. (காரோ மக்களுள் செம்பிரிங் குலத்தாரின் கிளைப்பெயர்களாகச் சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா என்பன வழங்குகின்றன. அவற்றில் சோழ, பாண்டிய, பல்லவ, மலையாளத் தொடர்பை அறிஞர் கண்டுள்ளனர். அது தனி உரைக்குரிய பொருள், இங்கு நிறுத்துகிறோம்.)

சாம்பல் இருந்தால் ஆண்டோ மண் வந்துவிடுமா? வாராது என்பதற்கு நமது தீபகற்பமே சான்று. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்திராவின் தோபா வெடித்தபோது அதன் சாம்பல் இங்கும் கொட்டியது. வங்கக் கடலைக் கடந்து ஆந்திரத்தின் ஜ்வாலாபுரம் வரை படிந்தது. பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கில் அச்சாம்பலடுக்கை இன்றும் காணலாம். அப்பள்ளத்தாக்கு 2012இல் உலகப் பாரம்பரியத் தலமாயிற்று. ஆனால் அங்கே சாம்பல் நீரால் அடித்துவரப்பட்டுப் படிந்து புதைந்தது. வெப்பமான தாழ்நிலத்தில் அதன்மேல் ஆண்டோ மண் பரவலாகத் தோன்றவில்லை.

அவ்வாறாயின், சாம்பல் இல்லாமல் ஆண்டோ மண் தோன்றுமா? இவ்வினாவிற்கு விடை தமிழ்நாட்டிலேயே கிடைக்கிறது. நம்மைத் திருத்தியதும் அதுவே. நீலகிரியில் எரிமலை இல்லை. பாறை சார்னோக்கைட் என்னும் மிகத் தொன்மையான உருமாற்றப் பாறை. அதன்மேல் நெடுங்காலச் சிதைவால் உண்டான செந்நிறச் செம்புரைப் படிவு. 2,000 மீட்டருக்கு மேற்பட்ட குளிரும் மழையும் உள்ள பகுதிகளில், சோலைக்காட்டின் கீழும் புல்வெளியின் கீழும், கருத்த, இலேசான மண் அப்படிவின்மீது கிடக்கிறது. லோரான் கானேரும் உடனாய்வாளரும் 2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய மண்ணியல் இதழொன்றில் இதனை ஆராய்ந்து, இது ஆண்டோ மண்ணே என்று நிறுவினர். அலோபேன் இல்லை. செம்புரைப் படிவில் மிகுந்துள்ள அலுமினியம் நேரே மட்கோடு பிணைந்து, அலோபேன் செய்யும் வேலையை அப்பிணைப்பே செய்கிறது. இளமையில் தோடர் மொழியைச் செவியால் கேட்டறியும் ஆவலோடு நாம் அம்மலைகளில் திரிந்ததுண்டு. ஒலிகளை மட்டுமே குறித்துக்கொண்டு திரும்பினோம். காலடியில் கிடந்ததைக் குனிந்து பார்க்கவில்லை.

இதன் விளைவு பாடநூலோடு நிற்பதன்று. நீலகிரியின் சரிவுகள் உருளைக்கிழங்கிற்கும் தேயிலைக்கும் சீகை மரத்திற்கும் ஆகிப் பல தலைமுறை கழிந்துவிட்டது. ஆண்டோ மண்ணின் இயல்பு ஒன்று: ஒருமுறை நன்றாக உலர்ந்துவிட்டால் பழையபடி நீரை ஏற்காது. மீண்டும் நனைத்தாலும் அதன் துகள்கள் முன்போல் விரிவதில்லை. 'ஆண்டோ என்றால் எரிமலை மண். எரிமலை இல்லாத ஊரில் அது இல்லை' என்று கற்ற மாணவன், நாளை வேளாண் அலுவலனாகி அச்சரிவில் நின்றால், காலடியிலுள்ளதைச் செம்மண்ணின் மேலடுக்கென்றே எண்ணுவான். அதற்கேற்பவே உழவும் உரமும் பரிந்துரைப்பான்.

எனவே 'எரிமலைச் சாம்பல் மண்' என்ற விடையைத் திரும்பப் பெறுகிறோம். 'கருமண்' என்று சொல்லலாமே என்போரும் உளர். அது மேலும் பெரிய குழப்பம். தமிழர்க்குக் கருமண் என்றால் கரிசல். பருத்தி விளைவது, கோடையில் பிளப்பது, மழையில் காலைப் பற்றி இழுக்கும் கனத்த களி. நிறத்தைத் தவிர இரண்டிற்கும் ஒற்றுமை இல்லை. வகைப்பெயராக 'ஆண்டோ மண்' என்பதையே தமிழெழுத்தில் வைத்துக்கொள்வது நன்று என்பது நமது முடிபு. கடன்சொல் ஒன்று வருவதால் தமிழ் தேயாது. வகுப்பறையில் விளக்கும்போது 'பொலபொலத்த மலைக்கருமண்' என்று சொல்லலாம். ஆனால் அதனைப் பெயராக்க வேண்டா.

கேமரன் மலைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்கு ஒரு சொல். அங்குள்ள பாறை கிரானைட். பிரிஞ்சாங் சிகரத்துப் பாசிக்காட்டில் கருத்த, இலேசான அடுக்கொன்று காலடியில் அமுங்கும். அதனை உடனே ஆண்டோ மண் என்று குறித்துவிட வேண்டா. முழுதும் மட்காத தாவரப் பொருள் அடைந்து கிடந்தாலும் இவ்வாறே தோன்றும்; கரிமம் 25 விழுக்காட்டை எட்டினால் வகைப்பாட்டில் அது ஆண்டோ மண் ஆகாது. விரலிடை வைத்து அழுத்திப் பாருங்கள். நார் தட்டுகிறதா, வழுக்குகிறதா என்று மாணவரையே சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் பயன்படுத்தும் சொற்களைக் குறித்துவந்து நமக்கும் அனுப்புங்கள்.