தைத்த சட்டையும் எழுதிய பாடமும்

மூத்தவனுக்கு எடுத்த சட்டையை இளையவனுக்குப் பிடித்துத் தைத்துக் கொடுக்கும் வழக்கம் நம் இல்லங்கள் பலவற்றில் உண்டு. தையற்காரர் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்தால் வேலை முடிந்துவிடும். ஆனால், ஒரு கல்லூரியின் ஆசிரியர் தம் மாணவர்க்கென எழுதி இணையத்தில் ஏற்றிய பாடத்தை, வேறொரு கல்லூரியின் ஆசிரியர் எடுத்தாள முற்படும்போது காரியம் அத்தனை எளிதில் முடிவதில்லை. ஏன் என்பதை அமெரிக்க நாட்டு நிகழ்ச்சி ஒன்றின் வாயிலாகக் காண்போம்.

கலிபோர்னியாவில் உள்ள டி ஆன்சா கல்லூரியில் பார்பரா இல்லோவ்ஸ்கி, சூசன் டீன் என்னும் இரு ஆசிரியைகள் புள்ளியியல் கற்பித்தனர். தம் மாணவர்க்காகவே ஒரு பாடநூலையும் எழுதினர். 2008-ஆம் ஆண்டில், ஓர் அறக்கட்டளையின் உதவியால், அந்நூல் டெக்சாஸ் மாநிலத்து ரைஸ் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் யாவருக்கும் இலவசமாயிற்று. படிப்பதற்கு மட்டுமன்று, எழுதியவர் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு எவரும் அதனை மாற்றியமைத்துக்கொள்ளவும் அனுமதி தரப்பட்டது. 2013-இல் அப்பல்கலைக்கழகத்தின் 'ஓப்பன்ஸ்டாக்ஸ்' பதிப்பகம் அதனைப் புதுக்கி வெளியிட்டது. 2017-இல் அப்புதிய நூலிலிருந்தே வணிகவியல் மாணவர்க்கென மற்றொரு நூல் பிறந்தது. ஒரு வகுப்பறைக்கென எழுதிய பாடம் இவ்வாறு எங்கெங்கோ சென்று சேர்ந்தது.

இதில் மாறியது என்ன, மாறாதது என்ன? சராசரியைக் கணக்கிடும் முறை எல்லாருக்கும் ஒன்றே. ஆனால் அதனை விளக்கும் கதை ஒன்றல்ல. வணிகம் பயில்பவனுக்கு விற்பனைக் கணக்கு வேண்டும். செவிலியர் பயிற்சி பெறுபவளுக்கு நோயாளியின் இரத்த அழுத்தம் வேண்டும். முதல் நூலில் ஒரு குறிப்பிட்ட வகைக் கணிப்பானின் பொத்தான்களை எவ்வாறு அழுத்துவது என்ற விளக்கமும் இடம்பெற்றிருந்தது. அக்கருவியைப் பயன்படுத்தாத கல்லூரிக்கு அப்பக்கங்கள் பயன்படா.

டேவிட் வைலி என்னும் அமெரிக்கக் கல்வியாளர் இதனை ஒரு முரண்பாடாகவே சுட்டிக்காட்டினார். பாடம் தன் ஊரோடும் வகுப்போடும் எவ்வளவு ஒட்டியிருக்கிறதோ அவ்வளவு நன்றாகக் கற்பிக்கும். அவ்வளவுக்கு அது பிறர்க்கு உதவாமற் போகும். சரி, ஊரின் சாயலையெல்லாம் நீக்கிவிட்டால்? எங்கும் செல்லும், ஆனால் எவர் மனத்திலும் பதியாது. ஆகவே கதையை அகற்றுவது வழியன்று, அடுத்தவர் தம் கதையை வைத்துக்கொள்ள இடம் விடுவதே வழி என்பது நம் கருத்து.

கனடாவில் அவ்வாறே செய்தனர். ஓப்பன்ஸ்டாக்ஸின் சமூகவியல் நூல் அமெரிக்க மாணவர்க்கென எழுதப்பட்டது. பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் 2012-இல் தொடங்கிய இலவசப் பாடநூல் திட்டத்தின்கீழ், அந்நூலின் கனடியப் பதிப்பு 2014-இல் வெளிவந்தது. அமெரிக்கச் செய்திகள் நின்ற இடங்களில் கனடியச் செய்திகளும் எடுத்துக்காட்டுகளும் வந்தமர்ந்தன. தன் நாட்டைப் பற்றிய பாடத்தை மாணவன் காசின்றிப் பெற்றான்.

இதற்கெல்லாம் அடிப்படை உரிமமே. 2002-இல் வெளிவரத் தொடங்கிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் சில, பகிர்வதற்கு இசைந்தும், மாற்றியதை வெளியிடுவதைத் தடுக்கின்றன. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதெல்லாம் திருத்திக்கொள்ளத் தக்கது என்று எண்ணுவோர் இங்கேதான் ஏமாறுகின்றனர். உரிமம் இருந்தும் கோப்பு பி.டி.எஃப். வடிவில் மட்டும் இருந்தால் திருத்துபவர் பாடு திண்டாட்டமே.

இனி, திருத்தும் ஆசிரியரின் மேசைக்கு வருவோம். "சென்ற வாரம் கண்டோம்" என்ற சொற்றொடரை அவர் நீக்க வேண்டும்; வேற்றுக் கல்லூரியின் தேர்வுத் தேதியை அழிக்க வேண்டும். அக்கல்லூரி நூலகத்தின் உறுப்பினர்க்கு மட்டும் திறக்கும் இணைப்புகளுக்கு மாற்றுத் தேட வேண்டும். படங்கள் வேறொருவர் உடைமையா என்று பார்க்க வேண்டும். எழுத்தாயின் இவ்வளவோடு போயிற்று. ஒளிப்படப் பாடத்தில் ஆசிரியர் தம் வாயால் "இந்தப் பருவத் தேர்வில்" என்று சொல்லிவிட்டால், வெட்டி ஒட்டுவதைவிட மீண்டும் பதிவு செய்வதே மேல். மூலத்தை எழுதுபவர் தொடக்கத்திலேயே இத்தகைய சொற்களைப் பாடத்திலிருந்து பிரித்துத் தனித்தாளில் வைத்திருந்தால், முகமறியாத ஒருவரின் பல இரவுகள் மிஞ்சியிருக்கும்.

மற்றொரு தொல்லை பின்னரே தெரியவரும். மூலநூலில் ஒரு விடை பிழையென்று கண்டு பதிப்பகத்தார் திருத்தினாலும், முன்னரே படியெடுத்துச் சென்ற கல்லூரியின் பதிப்பில் அப்பிழை அப்படியே இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பார்க்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதைப் படியெடுக்கும் நாளிலேயே கல்லூரி முடிவு செய்யாவிட்டால், தவறான விடையை மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் மனப்பாடம் செய்துகொண்டிருப்பர்.