சின்னப் படம், பெரிய பயம்

எமிர் எஸ்வான் இயக்கிய ‘ரோ’ என்ற மலாய்ப் பேய்ப்படம் 2020-இல் திரைக்கு வந்தது. செலவு ஏறக்குறைய மூன்றரை லட்சம் வெள்ளிதான். ஆனாலும் மலேசியாவின் சார்பில் ஆஸ்கர் போட்டிக்குப் போனது.

காட்டுக்குள் ஒரு குடிசை, ஒரு தாய், இரண்டு பிள்ளைகள். உடம்பெல்லாம் சேறு அப்பிய ஒரு சிறுமி வந்து சேர்கிறாள். அடுத்த பௌர்ணமிக்குள் நீங்கள் எல்லாரும் சாவீர்கள் என்று சொல்லிவிட்டு, தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்கிறாள். பிறகு உதவிக்கு வருகிறவர்களில் யாரை நம்புவது என்ற சந்தேகமே நம்மை ஆட்டிவைக்கிறது. பேய் பிடிக்கும் கதைக்கு உயிர்நாடி இதுதான்: பழகிய முகம் அந்நியமாவது. அதற்கு ஒப்பனையைவிட நடிப்புதான் முக்கியம்.

கேமரன் மலையில் படமெடுக்கத் துடிக்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகளே, பிரிஞ்சாங் மலையின் பாசிக்காடும் தேயிலைச் சரிவில் இறங்கும் பனியும் உங்கள் வாசலிலேயே இருக்கின்றன. இப்படி ஒரு காட்சி: கொழுந்துக் கூடையோடு அம்மா மேட்டில் ஏறுகிறார். அவர் குரலோ பள்ளத்திலிருந்து கேட்கிறது. இதை எடுக்க கிராபிக்ஸ் எதற்கு? கையில் இருக்கும் காசில் முதலில் நல்ல மைக் வாங்குங்கள்.