கட்டைவிரல் நகமளவு வாக்குறுதி

வெள்ளவத்தை காலி வீதியில், புடவைக் கடைகளின் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மையைப் பார்த்துத்தான் நாம் உள்ளே போகிறோம். பொம்மை உடுத்தியிருப்பது கடையில் இல்லையென்றால் மறுமுறை அந்தப் படியேற மாட்டோம். இணையக் காணொளியின் முகப்புப் படமும் அப்படித்தான். கட்டைவிரல் நகம்போலச் சிறியது என்பதால் அதற்குத் 'தம்நெயில்' என்று பெயர்.

யூடியூபில் காணொளியை ஏற்றியதும், அதிலிருந்து மூன்று காட்சிகளை அத்தளமே எடுத்துத் தரும். தொலைபேசி இலக்கத்தை உறுதிப்படுத்தினால் நாமே தயாரித்த படத்தையும் இடலாம். 1280 × 720 பிக்சல் பொருத்தமான அளவு. வலது கீழ் மூலையில் எதையும் எழுதக் கூடாது. காணொளியின் நேரம் அவ்விடத்தை மறைத்துவிடும். கைபேசியில் படம் மிகச் சிறிதாகத் தெரிவதால் மூன்று, நான்கு சொற்களே போதும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் என் தோழியும் நானும் உயர்தரப் பொருளியலில் 'கேள்வி நெகிழ்ச்சி' பற்றிய காணொளியொன்றுக்குப் படம் தேர்ந்தோம். "கட்டாயம் வரும் வினா!" என்று சிவப்பில் எழுதினால் பலர் பார்ப்பார்கள் என்றாள் அவள். வினாத்தாளில் என்ன வரும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? பரீட்சை நெருங்கும்போது ஒரு மாணவியின் அரைமணி நேரமும் டேட்டாவும் வீணாகலாம். ஆகவே கையால் வரைந்த வளையியையும் பாடத் தலைப்பையும் வைத்தோம்.

யூடியூபும் இதையே கவனிக்கிறது. மூன்று படங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் அதன் வசதியில் வெல்வது, அதிகம் பேரைச் சொடுக்க வைத்த படமன்று; அதிக நேரம் பார்க்க வைத்த படமே. உள்ளே இல்லாததைத் தலைப்பிலும் படத்திலும் காட்டும் காணொளிகள் மீது இந்தியாவில் நடவடிக்கையை இறுக்கப்போவதாக 2024 டிசம்பரில் அது அறிவித்தது.

மாணவிகளுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: முகத்தைப் போடலாமா? அது வீட்டாரோடு பேசி முடிவெடுக்க வேண்டியது. காணொளியை அழித்த பின்னும், யாரோ சேமித்த படம் தனியே சுற்றிக்கொண்டிருக்கலாம். முகமில்லாமலும் நல்ல படம் அமையும்: எழுதும் கை, திறந்த கொப்பி, ஒரு வரைபடம். தோழியின் படமோ அவளிடம் கேட்காமல் தொடக்கூடாத அமானிதம்.

பெற்றோரே, பிள்ளை பார்த்து முடித்த காணொளியைப் பற்றி ஒன்று கேட்டுப் பாருங்கள்: "படத்தில் காட்டியது உள்ளே இருந்ததா?" அந்தக் கேள்வி பழகிவிட்டால், அடுத்த படத்தைத் தொடுமுன் பிள்ளையே யோசிக்கும்.